பேஸ்பால் அடிதடியைப் பற்றி உருப்படியாக வாதாடுவது எப்படி

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், திரும்பத் திரும்ப அதே முகங்கள், வெயில், பயண அலுப்பு. அதனால் எந்த வருஷமானாலும் எங்கேயாவது இரண்டு டக்அவுட்டும் (வீரர்கள் உட்காரும் இடம்) காலியாகி, எல்லாரும் மைதானத்துக்கு நடுவே குவிந்து, யாராவது யார் சட்டையையாவது பிடித்து இழுக்கத்தான் போகிறார்கள். அன்று ராத்திரியே அந்த வீடியோ உங்கள் ஃபோனுக்கு வந்துவிடும், கூடவே "இவன் செஞ்சது சரியா தப்பா" என்று ஒரு சண்டையும் வரும். அந்தச் சண்டையில் எப்படி இறங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேஸ்பால் விதிகள் ஓரளவுக்காவது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, வீடியோவைப் பின்னால் ஓட்டுவது. வருகிற எல்லா வீடியோவும் முதல் குத்திலிருந்துதான் தொடங்கும். 2023 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்தில் கார்டியன்ஸ் அணியின் ஹோசே ராமிரெஸும் ஒயிட் சாக்ஸின் டிம் ஆண்டர்சனும் குத்துச்சண்டை வீரர்கள் மாதிரி கையை உயர்த்திக்கொண்டு நின்றதையும், ராமிரெஸின் வலது கை பட்டு ஆண்டர்சன் கீழே விழுந்ததையும் பார்க்காத பேஸ்பால் ரசிகர் இருக்க முடியாது. ஆனால் அந்தக் குத்துக்குச் சில நொடிகள் முன்னால் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கி வந்த ராமிரெஸின் மேல் ஆண்டர்சன் காலை அகட்டி நின்றபடி ஓங்கி டேக் (அவுட்டாக்கப் பந்தோடு தொடுவது) போட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆண்டர்சன் கொஞ்ச நாளாகவே ஆட்டத்தை மதிக்காமல் நடந்துகொள்கிறார் என்று ஆட்டம் முடிந்தபின் ராமிரெஸ் சொன்னதைப் படித்தவர்கள் இன்னும் குறைவு. அதற்காக ராமிரெஸ் பக்கம்தான் நியாயம் என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை. முன்கதை தெரியாமல் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

முன்கதையைத் தேடும்போது அன்றைய ஆட்டத்தோடு நிறுத்தாதீர்கள். முந்தின நாள், அந்தத் தொடரின் மற்ற ஆட்டங்கள், சில சமயம் மூன்று வருஷம் முன்னால் வரை போக வேண்டியிருக்கும். பேஸ்பாலில் பழைய பாக்கிக்கு வட்டியெல்லாம் உண்டு. 2015 அக்டோபரில் டொராண்டோவில் ஹோசே பவுடிஸ்டா டெக்சஸ் அணிக்கு எதிராக ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தார், எதிரணிக்கு அது அவமதிப்பு. அதற்கான பதில் 2016 மே 15 அன்று டெக்சஸில் வந்தது, அதுவும் அந்த வருஷத்து வழக்கமான சீசனில் அந்த இரண்டு அணிகளும் மோதிய கடைசி ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில். டெக்சஸின் பிட்சர் (பந்து எறிகிறவர்) மேட் புஷ் எறிந்த பந்து பவுடிஸ்டா மேல் பட்டது. அந்தக் கோபத்தில் அவர் இரண்டாம் பேஸில் முரட்டுத்தனமாகச் சறுக்க, டெக்சஸின் ரூக்னெட் ஓடோர் அவர் தாடையில் ஒன்று விட்டார்.

வேண்டுமென்றே எறிந்தானா?

எல்லா வாதமும் இங்கேதான் வந்து நிற்கும். பிட்சரின் மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது என்பதால் மனசை விட்டுவிட்டு ஸ்கோர்போர்டைப் பாருங்கள். எத்தனை அவுட், பேஸில் யாராவது நிற்கிறார்களா, ஸ்கோர் என்ன, பால்–ஸ்ட்ரைக் கணக்கு என்ன, எறிந்தது வேகப்பந்தா வளையும் பந்தா. இவ்வளவும் மேஜர் லீக்கின் புள்ளிவிவரத் தளமான பேஸ்பால் சவன்ட்டில் ஒவ்வொரு பந்துக்கும் வேகத்தோடு, விழுந்த இடத்தோடு இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று, 2017 மே 29, சான் பிரான்சிஸ்கோ. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் யாரும் இல்லை. ஜயன்ட்ஸின் ஹன்டர் ஸ்ட்ரிக்லாண்ட் எறிந்த முதல் பந்தே 98 மைல் வேகத்தில் நேஷனல்ஸ் வீரர் பிரைஸ் ஹார்ப்பரின் இடுப்பில் விழுந்தது. 2014 பிளேஆஃபில் இதே ஸ்ட்ரிக்லாண்டின் பந்தில் ஹார்ப்பர் இரண்டு ஹோம் ரன் அடித்திருந்தார். ஒரு ஆளை சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவதால் பெரிய நஷ்டம் வராத நேரம், முதல் பந்து, வேகப்பந்து, பழைய பகை. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகிறது.

இன்னொன்று, 2013 ஏப்ரல் 11, சான் டியேகோ. டாட்ஜர்ஸின் ஜாக் கிரெயின்கி எறிந்த பந்து பாட்ரேஸின் கார்லோஸ் குவென்டின் மேல் பட்டது. டாட்ஜர்ஸ் ஒரே ஒரு ரன் முன்னால் இருக்கிறது, கணக்கு மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். அந்த நேரத்தில் எந்தப் பிட்சராவது எதிரணியின் ஆளை வேண்டுமென்றே பேஸில் ஏற்றுவானா? கிரெயின்கி ஏற்கெனவே இரண்டு தடவை தன்னை அடித்திருக்கிறார் என்பது குவென்டினின் கணக்கு. அவர் ஹோம் பிளேட்டை ஒட்டி நின்று ஆடுகிறவர், வேறு பல பிட்சர்களிடமும் வாங்கியிருக்கிறார் என்பது எதிர்க்கணக்கு. என்னைக் கேட்டால் அது தவறி வந்த பந்துதான். ஆனால் குவென்டின் மவுண்டை (பிட்சர் நின்று எறியும் மேடு) நோக்கிப் பாய்ந்துவிட்டார், அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே உடம்பைக் குறிவைத்து வரும் பவுன்சர் ஒரு ஆயுதம், பேட்ஸ்மேன் மேல் பட்டால் தடவிக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்க வேண்டியதுதான். பேஸ்பாலில் பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இனாம். அதாவது எறிகிற அணிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை குறைவாக இருக்கிற நேரமா, அதிகமாக இருக்கிற நேரமா என்று பார்ப்பதுதான் மேலே சொன்ன கணக்கு முழுவதும்.

இதோடு ஒட்டிய வாதம் ஒன்றும் உங்கள் காதில் விழும். 2022 முதல் இரண்டு லீக்கிலும் பிட்சர் மட்டை பிடிப்பதில்லை, அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் வருகிறார். அதனால் எறிந்தவன் மேல் திருப்பி எறிய வழியில்லை, பாவம் அவன் அணியின் நல்ல பேட்டர் ஒருவர்தான் வாங்குகிறார். 2025 ஜூனில் டாட்ஜர்ஸ், பாட்ரேஸ் நான்கு ஆட்டத் தொடரில் எட்டுப் பேர் மேல் பந்து பட்டது. ஃபெர்னாண்டோ டாட்டிஸும் ஷோஹெய் ஓதானியும் அதில் திரும்பத் திரும்ப வாங்கினார்கள். அணியின் நட்சத்திரம்தான் பணயம், வேறென்ன.

யார் ஓடிவந்தார்கள், யார் வரவில்லை

குத்து விடுகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தைப் பாருங்கள். மேலே சொன்ன பந்து பட்டதும் ஹார்ப்பர் மவுண்டுக்கு ஓடிய ஸ்ட்ரிக்லாண்ட்–ஹார்ப்பர் சண்டையில் ஜயன்ட்ஸ் கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிக்கிறவர்) பஸ்டர் போசி ஹோம் பிளேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வழக்கமாக மவுண்டை நோக்கி ஓடும் பேட்டரை முதலில் மறிப்பது கேட்சரின் வேலை, அவர் அசையவே இல்லை. தன் பிட்சர் செய்தது போசிக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே பலர் வாசித்துக்கொண்டார்கள், நானும்தான். 2025 ஜூன் 19 அன்று ஓதானி மேல் பந்து பட்டபோது டாட்ஜர்ஸ் ஆட்கள் கிளம்பப் பார்க்க, அவரே டக்அவுட்டைப் பார்த்து வரவேண்டாம் என்று கையசைத்துவிட்டு முதல் பேஸுக்குப் போனார்.

வேடிக்கைக்கும் இங்கே குறைவில்லை. 2019 ஜூலை 30 அன்று சின்சினாட்டி ரெட்ஸுக்கும் பைரேட்ஸுக்கும் நடந்த கலாட்டாவில் யாசியெல் புயிக் ரெட்ஸுக்காக முன்வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் முடிவதற்குள்ளேயே அவரை கிளீவ்லாந்துக்கு டிரேட் செய்துவிட்ட செய்தி வெளியே வந்திருந்தது. விட்டுப் போகிற வீட்டுக்காக அடிதடி. சஸ்பென்ஷன் மூன்று ஆட்டம், அதைப் புது அணியின் கணக்கில் கழித்தார்.

இன்னொன்று, டக்அவுட் காலியானதையெல்லாம் அடிதடி என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் நடப்பது தள்ளுமுள்ளு, கட்டிப்பிடித்து ஓரம் கட்டுவது, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் தூரத்து புல்பென்னிலிருந்து அவர்கள் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து திரும்ப நடப்பது. ஆள் கீழே விழுந்தால்தான், குத்து இறங்கினால்தான் அடுத்த பகுதிக்கு வேலை.

சஸ்பென்ஷனை எப்படிக் கணக்குப் போடுவது

லீக் அலுவலகம் ஓரிரு நாளில் தண்டனையை அறிவிக்கும். அறிவித்த எண்ணை வைத்து உடனே குதிக்காதீர்கள், வீரர் அப்பீல் செய்தால் அது முடியும்வரை ஆடலாம், முடிவில் எண் பெரும்பாலும் குறையும். ஆண்டர்சனுக்கு ஆறு ஐந்தானது, ராமிரெஸுக்கு மூன்று இரண்டானது, ஓடோருக்கு எட்டு ஏழானது. ஹெல்மெட்டை வீசிய ஹார்ப்பருக்கு நான்கு மூன்றானது, அந்த ஹெல்மெட்டும் எங்கேயோ போய் விழுந்தது.

யாருக்கு எத்தனை ஆட்டம் என்பதைவிட, அந்த ஆளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று பாருங்கள். ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் எறிவார். அவருக்கு ஐந்து ஆட்டம் தடை என்றால் அவருடைய முறை ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான் தண்டனை. தினமும் ஆடும் பேட்டருக்கு அதே ஐந்து ஆட்டம் முழு இழப்பு, அணிக்கும்கூட, ஏனென்றால் மைதானக் குற்றத்துக்காகத் தடைபட்ட ஆளின் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்க முடியாது, ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

சீசன் நீளத்தையும் மறக்காதீர்கள். 2020இல் கொரோனாவால் 60 ஆட்டம்தான். அந்த வருஷம் ஜூலையில் ஹூஸ்டனில் டாட்ஜர்ஸின் ஜோ கெல்லி ஆஸ்ட்ரோஸ் பேட்டர்களின் தலைப்பக்கம் எறிந்துவிட்டு, போகிற போக்கில் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். 2017இல் ஆஸ்ட்ரோஸ் கேமரா வைத்து, அடுத்து என்ன பந்து என்று கேட்சர் காட்டும் சைகையைத் திருடிய கோபம் நாடு முழுக்க இருந்த நேரம் அது. எட்டு ஆட்டம் கொடுத்தார்கள். முழு சீசன் கணக்குக்கு அது 21, 22 ஆட்டத்துக்குச் சமம், அதுவும் யார் மேலும் பந்து படாத விவகாரத்துக்கு. திருடிய வீரர்கள் யாருக்கும் ஒரு ஆட்டம்கூடத் தடையில்லை. கெல்லிக்கு அப்பீலில் ஐந்தானது. ரசிகர்கள் கொதித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

தண்டனைப் பட்டியலிலேயே ருசியானது 2022 ஜூன் 26 அன்று அனஹைமில் நடந்த ஏஞ்சல்ஸ்–மரினர்ஸ் சண்டை. முந்தின ராத்திரி மரினர்ஸ் பிட்சரின் பந்து மைக் ட்ரவுட்டின் தலைக்குப் பக்கத்தில் போனது. மறுநாள் ஏஞ்சல்ஸ் கடைசி நேரத்தில் பிட்சரை மாற்றி ஆண்ட்ரூ வான்ட்ஸை இறக்கியது. அவர் முதல் இன்னிங்ஸில் ஜூலியோ ரோட்ரிகெஸின் தலைக்குப் பின்னால் ஒன்று எறிந்தார், இரண்டாவது இன்னிங்ஸில் ஜெஸ்ஸி விங்கர் மேல் ஒன்று போட்டார். பிறகு என்ன, விங்கர் நேராக ஏஞ்சல்ஸ் டக்அவுட்டை நோக்கியே நடந்தார். மொத்தம் 12 பேருக்கு 47 ஆட்டம் தடை. மேனேஜர் பில் நெவினுக்கு 10. மொழிபெயர்ப்பாளருக்கும் இரண்டு ஆட்டம்! வெளியேற்றப்பட்ட பிட்சர் ரைசெல் இக்லேசியாஸ் சூரியகாந்தி விதை டப்பாவை மைதானத்தில் கொட்டியதும் அன்றுதான். மணிக்கட்டு ஆபரேஷன் முடிந்து அந்த சீசனே ஆட முடியாது என்ற நிலையில் இருந்த ஆண்டனி ரெண்டோன், வலது கையில் கட்டோடு வந்து இடது கையால் விங்கரின் முகத்தில் வைத்தார். அவருக்கு ஐந்து ஆட்டம், உடம்பு சரியாகித் திரும்பி வந்தபிறகு அனுபவிக்க வேண்டும் என்றார்கள்.

காயப் பட்டியலை விடாதீர்கள்

என் கட்சி இதுதான்: சஸ்பென்ஷன் பட்டியலை ஒரு வாரம் பார்த்தால் போதும், காயப் பட்டியலை சீசன் முடியும்வரை பாருங்கள். அடிதடியின் உண்மையான விலை அங்கேதான் பதிவாகிறது, பெரும்பாலும் சண்டையைத் தொடங்காதவன் பெயரில்.

அதே அனஹைம் சண்டையில் ஏஞ்சல்ஸ் புல்பென் பிட்சர் ஆர்ச்சி பிராட்லி, சண்டைக்குள் போகிற அவசரத்தில் டக்அவுட் கம்பியைத் தாண்டும்போது விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டார். அது எறிகிற கை. யாரும் அவரை அடிக்கவில்லை. சான் டியேகோவில் குவென்டின் பாய்ந்தபோது கிரெயின்கி தோளைக் கொடுத்து மோதினார், இடது காறை எலும்பு முறிந்தது. அதற்கு முந்தின டிசம்பரில்தான் 14.7 கோடி டாலருக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் போட்ட ஆள். ஆபரேஷன் முடிந்து மே 15 அன்று திரும்பினார். குவென்டினுக்குத் தடை எட்டு ஆட்டம், கிரெயின்கிக்கு ஒரு மாதத்துக்கு மேல் போனது. ஸ்ட்ரிக்லாண்ட்–ஹார்ப்பர் சண்டையில் நடந்தது இதைவிட மோசம். விலக்கிவிட ஓடிவந்த மைக்கேல் மோர்ஸும் இன்னொரு பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த ஜெஃப் சமார்ஜாவும் மோதிக்கொண்டார்கள், இருவரும் ஜயன்ட்ஸ் ஆட்கள். மோர்ஸுக்குத் தலையில் அடி, அதன்பின் அவர் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்ட்ரிக்லாண்டுக்கு ஆறு ஆட்டம்.

பட்டியலை வாசிக்கும் முறை சுலபம். பட்டியலில் சேர்த்தால் ஆட முடியாத காலம் பேட்டருக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15 நாள், மூளை அதிர்ச்சி என்றால் தனியாக 7 நாள், பெரிய காயம் என்றால் 60 நாள். பட்டியலில் சேர்த்த தேதியை மூன்று நாள் வரை முன்தேதியிட்டுப் போடலாம். 60 நாள் பட்டியலுக்கு மாற்றினால் அணியின் 40 பேர் வீரர் பட்டியலில் ஓரிடம் காலியாகும், அதனால் அப்படி மாற்றிய செய்தி வந்தால் சீக்கிரம் வரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "தினம் தினம் பார்ப்போம்" என்று மேனேஜர் சொன்னால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பிட்சரின் முன்கையில் இறுக்கம், எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கிறார்கள் என்று மூன்று செய்தி வரிசையாக வந்தால் மட்டும் கவலைப்படுங்கள், அது பெரும்பாலும் முழங்கை தசைநார் ஆபரேஷனில் போய் முடியும். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜானுக்குச் செய்தது, அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். பிட்சர் திரும்பி வர ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம். 2023 செப்டம்பரில் முழங்கை ஆபரேஷன் செய்த ஓதானி மறுபடி மவுண்டில் ஏறியது 2025 ஜூனில்.

காயத்தையும் சண்டையையும் முடிச்சுப் போடும்போது நிதானம் வேண்டும். 2024 ஜூனில் கன்சாஸ் சிட்டி பிட்சர் டான் அல்டாவில்லாவின் 98 மைல் பந்து மூக்கி பெட்ஸின் இடது கையை உடைத்தது, ஆகஸ்டில்தான் திரும்பினார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, கை தவறியது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எலும்பு உடைந்த பந்துக்குச் சண்டை இல்லை, இடுப்பில் பட்டுத் தடவிக்கொண்டு போகிற பந்துக்கு ஐம்பது பேர் கூடுகிறார்கள். சந்தோஷத்தில்கூடக் காயம் வரும். 2010இல் கென்ட்ரிஸ் மொராலெஸ் வெற்றி ஹோம் ரன் அடித்துவிட்டு ஹோம் பிளேட் மேல் குதித்துக் காலை முறித்துக்கொண்டார், 2023இல் எட்வின் டியாஸ் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் ஜெயித்ததைக் கொண்டாடும்போது முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டு அந்த சீசனையே இழந்தார். ஆனால் தலைக்கு எறிவதை மட்டும் "ஆட்டத்தில் சகஜம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் கார்ல் மேஸின் பந்து தலையில் பட்டு ரே சாப்மன் மறுநாள் காலை இறந்தார். பேட்டர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று மேஜர் லீக் விதி போட்டது 1971இல்தான்.

எதிரணி ரசிகரோடு பேசும்போது

எதிரணி ஆள் காயம்பட்டுப் படுத்திருக்கும்போது கைதட்டுவது, மீம் போடுவது வேண்டாம், அந்த வாரமே உங்கள் ஆள் விழுவார். வெனிசுவேலா, டொமினிகன் வீரர்கள் சண்டையில் இறங்கினால் "அவங்க ரத்தமே சூடு" என்று ஒருவர் எழுதுவார். அதே காரியத்தை டெக்சஸ்காரர் நோலன் ரயான் 1993இல் 46 வயதில் ராபின் வென்சுராவின் தலையை அக்குளில் இடுக்கி மேலே மேலே குத்தியபோது வீரம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள், அவரை அம்பயர் வெளியேற்றக்கூட இல்லை. இதை எடுத்துப் போட்டால் போதும், பேச்சு அடங்கும்.

வீரர்களின் சமூக வலைதளக் கணக்குக்குள்ளும், அதைவிட அவர்கள் வீட்டார் கணக்குக்குள்ளும் போய்த் திட்டாதீர்கள். 2025 மே மாதம் ஒரே ஒரு மோசமான ஆட்டத்துக்காக லான்ஸ் மெக்கல்லர்ஸின் குழந்தைகளைக் கொல்வேன் என்று ஒருவன் மிரட்டினான். போலீஸ் விசாரித்தால் வெளிநாட்டில் இருந்துகொண்டு பந்தயத்தில் காசு விட்ட குடிகாரன். நாம் எழுதுவது அந்த அளவுக்குப் போகாது என்பது சரி, ஆனால் அவர்கள் ஃபோனில் எல்லாம் ஒரே குவியலாகத்தான் போய் விழுகிறது.

அடுத்த மோதல் எப்போது என்று அட்டவணையில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிவிஷனில் (பிரிவில்) இருக்கும் அணிகள் வருஷத்துக்கு 13 தடவை மோதுகின்றன, அதனால் பாக்கி அதே சீசனிலேயே தீர வாய்ப்பு அதிகம். அந்த முதல் ஆட்டத்தின் முதல் இரண்டு இன்னிங்ஸைத் தவறவிடாதீர்கள். அம்பயர் இரண்டு அணிக்கும் எச்சரிக்கை கொடுத்துவிட்டால், அதன்பின் வேண்டுமென்றே எறிந்ததாக அவருக்குத் தோன்றினாலே பிட்சரும் மேனேஜரும் சேர்ந்து வெளியே போக வேண்டும்.

சும்மா பேசினால் மட்டும் போதாது, நானும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால் அனஹைம் சண்டை நடந்த அன்று ஒரு மரினர்ஸ் ரசிகை செய்ததைச் செய்யலாம். வெளியேற்றப்பட்டு உள்ளே உட்கார்ந்திருந்த விங்கருக்கு ஃபோன் ஆப்பில் ஒரு பீட்சா ஆர்டர் போட்டு ஸ்டேடியத்துக்கே அனுப்பிவைத்தார். பீட்சா கையில் கிடைத்தது என்று விங்கரும் சொன்னார்.